கொல்லாவிட்டாலும் அது வேட்டையே!
வேட்டைப் பயிற்சி குறித்துச் சட்டமும் ஷரீஅத்தும்

 



கர்நாடக எல்லையை ஒட்டிய பேரிகை, பாகலூர், சூளகிரி வட்டாரத்தில் இளைஞர்கள் சிலர் ஒரு மஸ்அலா கேட்கிறார்கள். வாரம் முழுவதும் ஓசூர் ஆலைகளில் உழைத்துவிட்டு, விடுமுறை நாளில் உண்டிவில், ஏர்கன், சுருக்குக் கம்பி, வேட்டை நாய் ஆகியவற்றுடன் காட்டோரம் செல்பவர்கள் இவர்கள். “நாங்கள் எதையும் கொல்வதில்லை. தடம் பார்த்துப் பின்தொடர்கிறோம். நாயைத் துரத்தப் பழக்குகிறோம். கண்ணியில் முயல் சிக்கினால் அவிழ்த்து விட்டுவிடுகிறோம். வெறும் பயிற்சிக்கும் அனுமதிச் சீட்டு வேண்டுமா? மார்க்கத்தில் இது குற்றமா?” என்பதே அவர்களின் கேள்வி.

சிறிய கேள்வியாகத் தோன்றினாலும், ஓர் இளைஞனின் சிறைவாசமும் சில வேளைகளில் அவனது உயிருமே இதில் அடங்கியுள்ளன. எனவே இதைச் சற்று விரிவாக அறிந்துகொள்வது அவசியமாகும்.

அனுமதிச் சீட்டு என்பது எங்கே உள்ளது?

அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் வேட்டைக்கென்று பருவம் குறிக்கப்படுகிறது. வேட்டையாடுபவர் உரிமம் பெற வேண்டும். மான் போன்ற பெரிய விலங்குகளுக்கு ‘டேக்’ எனப்படும் அடையாளச் சீட்டையும் தனியாகப் பெற வேண்டும். ஒரு சீட்டுக்கு ஒரு விலங்கு என்பது கணக்கு. வீழ்த்திய விலங்கின் உடலில் அச்சீட்டைக் கட்டிவிட வேண்டும். அந்நாடுகளின் காணொளிகளைப் பார்க்கும் நம் இளைஞர்கள், இங்கும் அத்தகைய சீட்டு ஒன்று இருக்கும் என்றும், கொல்பவருக்கு மட்டுமே அது தேவைப்படும் என்றும் எண்ணிக்கொள்கிறார்கள்.

நம் பகுதியிலும் உரிமம் பெற்று வேட்டையாடிய காலம் ஒன்று இருந்தது. பெங்களூரைச் சேர்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) ஜவளகிரிக் காட்டில் ஆட்கொல்லிப் புலியைத் தேடி அலைந்ததை எழுதி வைத்திருக்கிறார். அவரே பிற்காலத்தில் துப்பாக்கியை விட்டு ஒளிப்படக் கருவியைக் கையில் எடுத்தார். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில்கூட, தொடக்கத்தில் வேட்டை உரிமங்களுக்கு இடமிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை அடியோடு நீக்கிவிட்டது. ஆகவே, இன்று இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்கு உரிமமும் இல்லை, சீட்டும் இல்லை. இல்லாத சீட்டைப் பெறாமல் பழகலாமா என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை.

சட்டத்தில் ‘வேட்டை’ என்பதன் பொருள்

நம் இளைஞர்கள் அறியாமல் இருப்பது இதைத்தான். கொல்வது மட்டுமே வேட்டை என்று அச்சட்டம் கூறவில்லை. அதன் 2ஆம் பிரிவு வேட்டைக்குத் தரும் விளக்கம் மிக விரிவானது. கொல்லுதல், நஞ்சு வைத்தல் ஆகியவற்றுடன், பிடித்தல், நாய் கொண்டு துரத்துதல், கண்ணி வைத்தல், பொறி வைத்தல், விரட்டுதல், இரை வைத்து ஈர்த்தல் ஆகிய அனைத்தும் வேட்டையே. இவற்றுக்கான ஒவ்வொரு முயற்சியும் வேட்டையே. பறவையின் கூட்டைக் கலைப்பதும் முட்டைகளைச் சேதப்படுத்துவதும் அதில் அடங்கும். ‘சிக்கியதை அவிழ்த்து விட்டேன்’ என்று கூறுபவர், கண்ணி வைத்ததைத் தம் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார்!

முயல், புள்ளிமான், கவுதாரி, மயில், உடும்பு ஆகிய அனைத்தும் பாதுகாப்புப் பட்டியல்களில் உள்ளவை. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின் அபராதங்களும் உயர்ந்துள்ளன. பொதுவான குற்றங்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மயில், உடும்பு போன்ற முதல் பட்டியல் உயிரினங்களை வேட்டையாடினாலும், சரணாலயத்துக்குள் வேட்டையாடினாலும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கமுள்ள காடுகள் 2014ஆம் ஆண்டிலேயே காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. சரணாலயத்துக்குள் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி ஆயுதத்துடன் நுழைவதே தனிக் குற்றம். சானமாவு போன்ற காப்புக்காடுகளிலும் வேட்டையாடுவதும் கண்ணி வைப்பதும் தமிழ்நாடு வனச் சட்டப்படி தடுக்கப்பட்டவை. எல்லையைத் தாண்டி மாலூர்ப் பக்கம் சென்றால் தப்பிவிடலாம் என்பதும் தவறு. 1972ஆம் ஆண்டின் சட்டம் மத்தியச் சட்டம்; கர்நாடகத்திலும் அதுவே நடைமுறையில் உள்ளது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாக்க வரும் விலங்கை உயிர் காக்க வேறு வழியின்றிக் கொன்றால் அது குற்றமாகாது. ஆனால், அவ்வேளையில் அவர் இச்சட்டத்தை மீறிய செயலில் ஈடுபட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிடைக்காது. கண்ணி வைக்கச் சென்றவர் யானையிடம் சிக்கினால், தற்காப்பு என்ற வாதமும் கைகொடுக்காது.

ஷரீஅத்தின் பார்வை

இஸ்லாம் வேட்டையை அடிப்படையில் ஹலாலாக்கியுள்ளது. பழக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ண அல்மாயிதா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் அனுமதிக்கிறது. ஆனால் அதே அத்தியாயத்தின் முதல் வசனத்தைச் சிந்தித்துப் பாருங்கள். உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு ஈமான் கொண்டவர்களுக்குக் கட்டளையிட்டுத் தொடங்கும் அவ்வசனம், இஹ்ராமில் இருக்கும்போது வேட்டை ஆகுமானதல்ல என்றும் கூறுகிறது. உடன்படிக்கையும் வேட்டையும் ஒரே வசனத்தில் சேர்ந்து வந்துள்ளன. ஒரு நாட்டின் குடிமக்களாக வாழும் நாம், பொது நன்மைக்காக அந்நாடு வகுத்த, பாவத்துக்கு ஏவாத சட்டத்துக்குக் கட்டுப்படுவதும் உடன்படிக்கையைப் பேணுவதே ஆகும். வேட்டையாடுவது ஆகுமான காரியம்தான். அது ஃபர்ளு அல்ல. அதைத் தடுப்பதால் நம் தீனில் எதுவும் குறைந்துவிடாது.

மக்காவின் ஹரம் எல்லையில் வேட்டைப் பிராணியைக் கொல்வது மட்டுமா தடுக்கப்பட்டது? அதை அதன் இடத்திலிருந்து விரட்டுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் (புகாரி, முஸ்லிம்). நிழலில் ஒதுங்கிய பிராணியை எழுப்பிவிட்டு அவ்விடத்தில் தான் இறங்கிக்கொள்வதும் அதில் அடங்கும் என்று தாபிஈ இக்ரிமா (ரஹ்) அவர்கள் விளக்கினார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் வேட்டையாடிய காட்டுக் கழுதையின் இறைச்சியை இஹ்ராமில் இருந்த தோழர்கள் உண்ணலாமா என்ற கேள்வி எழுந்தபோது, அவர்களில் எவரேனும் அதைத் தாக்கும்படி ஏவினாரா, சுட்டிக்காட்டினாரா என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இல்லை என்று தெரிந்த பின்னரே உண்ண அனுமதித்தார்கள்.

நம் ஊர்க் காட்டுக்கு ஹரமின் புனிதம் உண்டு என்று இதற்குப் பொருளல்ல. ஆனால், தடை உள்ள இடத்தில் வேட்டை என்பது கொல்வதில் தொடங்குவதில்லை. விரட்டுவதிலும் சுட்டுவதிலுமே தொடங்கிவிடுகிறது என்பதை ஷரீஅத் என்றோ கற்றுத் தந்துவிட்டது. நாட்டின் சட்டமும் அதையே கூறுகிறது.

‘அவிழ்த்து விட்டால் என்ன தீங்கு?’ என்போர் அபூதாவூதில் பதிவான நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கட்டும். பயணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துக்கொண்டார்கள். தாய்ப் பறவை தவித்துச் சிறகடித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சைப் பிரித்து அதை நோகச் செய்தவர் யார் என்று கேட்டு, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள். அங்கே எதுவும் கொல்லப்படவில்லை. தாயின் தவிப்பே தடுப்பதற்குப் போதுமானதாக இருந்தது. உயிருள்ளதைக் குறிவைக்கும் இலக்காக ஆக்குவதையும் அவர்கள் வன்மையாகத் தடுத்துள்ளார்கள்.

கண்ணிக்குக் கண் இல்லை

விரலிடுக்கில் சிறு கல்லை வைத்துச் சுண்டி எறிவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அதனால் வேட்டையும் கிடைக்காது, எதிரியும் வீழ மாட்டான். ஆனால் பல் உடையும், கண் போகும் என்று காரணமும் கூறினார்கள். உண்டிவில்லை ஏந்தும் ஒவ்வொருவரும் நினைவில் கொள்ள வேண்டிய ஹதீஸ் இது.

நாம் வைத்த பொறி யாரைப் பிடிக்கும் என்பது நமக்குத் தெரியாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, காட்டுப்பன்றிக்காக வயலில் போடப்பட்ட சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. உடன் வந்த இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்து, தாயின்றி நின்றன. மாண்ட யானைகளின் இடத்தில், இருட்டில் மாட்டைத் தேடி வந்த ஒரு சிறுவன் இருந்திருக்கலாம்!

அதற்கு முந்தைய மாதம், சேலம் மாவட்டம் கோவிந்தப்பாடியைச் சேர்ந்த ஒருவர், எல்லையோரப் பாலாற்றுப் பகுதியில் கர்நாடக வனத்துறையினர் நடத்திய துப்பாக்கிச் சூட்டை அடுத்துச் சடலமாக மீட்கப்பட்டார். மான் வேட்டைக்கு வந்தவர்கள் தங்களைத் தாக்கியதால் சுட்டதாக வனத்துறையினர் கூறினர். மீன் பிடிக்கச் சென்றவர் என்று உறவினர் கூறினர். உண்மையை அல்லாஹ் நன்கறிந்தவன். ஆனால் இரவு நேரத்தில் எல்லைக் காட்டில் நிற்பவரின் நிய்யத்தை எதிரில் நிற்பவர் அறிய இயலாது. ‘பயிற்சிக்கு வந்தேன்’ என்று சொல்ல அவகாசம் கிடைக்கும் என்பது நிச்சயமல்ல.

பயிரைக் காப்பது எப்படி?

கேழ்வரகும் தக்காளியும் பயிரிடும் நம் விவசாயிகள் பன்றியாலும் யானையாலும் படும் துன்பத்தை மறுக்க இயலாது. அதற்கும் முறையான வழி உண்டு. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கோரலாம். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைச் சுடுவதற்கு 2025 ஜனவரியில் தமிழக அரசு வழிவகுத்தது. ஆனால் அப்பணி பயிற்சி பெற்ற வனத்துறையினருக்கு உரியது, நமக்கு உரியதல்ல.

திறனை வளர்க்கத் தடையில்லை

குறி தவறாமல் எய்யும் திறனை மார்க்கம் போற்றுகிறது. எதிரிகளுக்காக இயன்ற பலத்தைத் தயார் செய்யுமாறு கூறும் வசனத்தை மிம்பரில் ஓதிய நபி (ஸல்) அவர்கள், பலம் என்பது எறிவதே என்று மூன்று முறை கூறினார்கள் (முஸ்லிம்). அந்தத் திறனுக்கு இலக்குப் பலகை போதுமே! கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் ஒலிம்பிக் வரை சென்றது பலகையைக் குறிபார்த்துத்தான். பதிவு பெற்ற துப்பாக்கி சுடும் மன்றத்திலோ வில்வித்தைப் பயிற்சி மையத்திலோ சேருங்கள். தடம் அறியும் கலையில் ஆர்வம் உள்ளவர்கள், தமிழக வனத்துறை நடத்தும் பறவைகள் கணக்கெடுப்பில் தன்னார்வலராகப் பெயர் கொடுக்கலாம். அந்தக் கூர்மையான கண் அங்கே நன்மைக்குப் பயன்படும்.

பெற்றோரே! வீட்டில் சுருக்குக் கம்பியோ உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கியோ இருந்தால் கண்டும் காணாமல் இருந்துவிடாதீர்கள். பிள்ளையிடம் அன்புடன் பேசுங்கள். கம்பியை அழித்துவிடுங்கள். துப்பாக்கியை ஜமாஅத் பெரியவர்களின் துணையுடன் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வழி தேடுங்கள்.

சகோதரர்களே! கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு வந்து அல்லாஹ் சோதிப்பான் என்றும், மறைவில் அவனை அஞ்சுபவர் யார் என்பதை வெளிப்படுத்தவே அச்சோதனை என்றும் அல்மாயிதாவின் 94ஆம் வசனம் உணர்த்துகிறது. காட்டோரத்தில் வனக்காவலர் இல்லாத வேளையில், எட்டும் தூரத்தில் ஒரு முயல் நிற்கும்போது நாம் எழுதும் பரீட்சையும் அதுவே.

மறைவிலும் தன்னை அஞ்சி, வாயில்லா உயிர்களிடம் இரக்கம் காட்டும் நன்மக்களாக வல்ல ரஹ்மான் நம்மையும் நம் சந்ததியினரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.