திருவுளச் சீட்டும் பாடசாலை அனுமதியும்



ஒரு பாடசாலையிலே நூறு பிள்ளைகளுக்கு இடமுண்டு. இடம் வேண்டி ஐந்நூறு பெற்றோர் வந்து நிற்கின்றனர். நானூறு பேரை இல்லையென்று திருப்பியனுப்பியே ஆகவேண்டும். எவரைத் திருப்புவது? பரீட்சை வைக்கலாம், வீட்டின் தூரத்தை அளக்கலாம், தகப்பனார் அங்கே படித்தவரா என்று கேட்கலாம். நமது நாட்டிலே முதலாம் வகுப்பு அனுமதிக்கு வாக்காளர் இடாப்பையும் வீட்டுறுதியையும் மேசைமீது விரித்துப் புள்ளி இடுகின்றோம். அம்மேசையின் இப்பாலிருந்து பலகாலம் பார்த்தவன் என்ற முறையிற் சொல்கின்றேன்: பாடசாலைக்கருகே வீடு வாங்க வல்லவனுக்கே தூரம் குறைகின்றது. இங்கிலாந்திலும் இந்நோய் உண்டு. அதனாலேதான் பிறைற்றன் நகரத்தார், ஒரே வட்டாரத்துள் இடம் போதாதவிடத்துத் தூரத்தை அளப்பதை விட்டு, 2008ஆம் ஆண்டு தொடக்கம் திருவுளச் சீட்டு முறையைக் கைக்கொண்டனர்.

இம்முறை பெருவழக்காய் இருப்பது அமெரிக்காவிலே. அங்கே 'காந்தப் பாடசாலை' என்றொரு வகை உண்டு. வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் தனித்தனிப் பாடசாலை வைத்தல் சட்டவிரோதம் என்று 1954இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்ததேயன்றிப் பிள்ளைகள் ஒருங்கு சேரவில்லை. குடியிருப்புகள் பிரிந்தே இருந்தன. பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தி வேறு வட்டாரத்துக்கு அனுப்புவதினும், விரும்பி வரச்செய்தல் நன்றென்று சிலர் கருதினர். இசை, விஞ்ஞானம் முதலிய ஏதேனுமொரு துறையிற் சிறந்த வசதிகளைக் கறுப்பர் வாழும் பகுதியிலுள்ள பாடசாலையில் அமைத்தால், இரும்பைக் காந்தம் இழுப்பதுபோல எல்லா இனத்துப் பிள்ளைகளும் தாமாக வருவர் என்பது அவர்தம் எண்ணம். 1968இல் ரக்கோமா நகரிலும், 1969இல் பொஸ்ரன் நகரிலும் இத்தகைய பாடசாலைகள் தோன்றின. காந்தம் நன்றாகவே இழுத்தது. இடத்தினும் விண்ணப்பம் மிகுந்தது. சீட்டுக் குலுக்கல் பிறந்தது.

இங்கே வெறும் அதிர்ஷ்டம் மாத்திரம் பேசப்படுவதாக எண்ணற்க. கனெக்ரிக்கட் மாநிலத்து ஹார்ட்போர்ட் நகரப் பிள்ளைகளுக்காக 1989இல் ஒரு வழக்குத் தொடுக்கப்பட்டது. அங்குள்ள பாடசாலைகள் இனத்தாற் பிரிந்து கிடப்பது அரசியலமைப்புக்கு மாறு என்று 1996இல் மாநில உயர்நீதிமன்றம் கூறிற்று. பரிகாரமாகக் காந்தப் பாடசாலைகள் பல எழுந்தன. ஆயின், அவற்றுட் புகும் வழி திருவுளச் சீட்டாயிற்று. சீட்டு விழாத பிள்ளை எங்கே போகும்? எந்தப் பாடசாலைகளைக் குறைவுடையன என்று நீதிமன்றம் சொன்னதோ, அவற்றுக்கே திரும்பிப் போகும். கேட்கும் ஹார்ட்போர்ட் பிள்ளைகள் அனைவருக்கும் இடம் உண்டாகும்படி படிப்படியாக இடங்களைப் பெருக்குவதென்ற உடன்பாடு 2022இலேதான் வந்தது. குலுக்கல் செவ்வையாக நடந்ததென்ற சொல், அதுவரை தோற்ற பிள்ளைகளுக்கு என்ன ஆறுதல் தந்திருக்கும்?

செவ்வையாக நடந்ததென்பதையேனும் எப்படி அறிவது? முன்னொருகால் நான் கடமையாற்றிய பாடசாலையொன்றிலே விடுதியில் ஓரிடம் எஞ்சியிருந்தது. சமநிலையிலுள்ள பிள்ளைகள் மூவர். காரியாலயத்துக்குள்ளே மூன்று கடதாசித் துண்டுகளை மடித்துக் குலுக்கி ஒன்றை எடுத்தோம். ஒரு வஞ்சனையும் இல்லை. முடிவைச் சொன்னபோது ஒரு தாய் அமைதியாகக் கூறினார்: "நான் பொய்யெண்டு சொல்லேல்லை ஐயா. சீட்டெடுக்கேக்கை நான் வெளியிலைதானே நிண்டனான்." எனக்கு மறுமொழி இருக்கவில்லை. கதவைத் திறந்து வைத்திருக்க ஒரு காசு செலவில்லை. அது எமக்குத் தோன்றவில்லை.

எம்மினும் முந்தியோருக்கு அது தோன்றியிருந்தது. தொண்டைநாட்டு உத்தரமேரூரிலே, முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கிராமசபை வாரியங்களுக்கு ஆள் தெரிந்த குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. முப்பது குடும்புகளின் பெயரோலைகளும் கட்டுக்கட்டாகக் குடத்தில் இடப்படும். இளையோரும் முதியோருமாக ஊரவை முழுதும் கூடியிருக்கும். நம்பிமாருள் வயது முதிர்ந்தவர் எல்லோரும் காணக் குடத்தை மேலே தூக்கிப் பிடிப்பர். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுபிள்ளை கட்டொன்றை எடுக்கும். அதனை வேறொரு குடத்திலிட்டுக் குலைத்து, ஓர் ஓலையை அப்பிள்ளையே எடுத்து மத்தியஸ்தன் கையிற் கொடுக்கும். அவன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையிலே வாங்கவேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை மறைந்திராதென்பதற்கு அதுவே சாட்சி. அவன் வாசித்தபின், அங்கிருந்த நம்பிமார் எல்லோரும் அதனை வாசிப்பர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தனை கவனம்!

குலைத்தல் என்ற அச்சிறு செயலை அற்பமாகக் கருதலாகாது. வியட்நாம் யுத்தத்துக்கு இளைஞரைச் சேர்ப்பதற்கு 1969 டிசம்பர் 1ஆந் திகதி அமெரிக்க அரசு பிறந்தநாட் சீட்டுக் குலுக்கியது. 366 நாள்களும் சிறு குளிகைகளில் அடைக்கப்பட்டு, மாத வரிசையிற் பெட்டியில் இடப்பட்டு, ஒரு கண்ணாடிப் பாத்திரத்திற் கொட்டப்பட்டன. நாடே தொலைக்காட்சியிற் பார்த்திருந்தது, ஒளிவுமறைவில்லை. எனினும் குளிகைகள் நன்கு கலக்கப்படவில்லை. ஆண்டின் பிற்பகுதியிற் பிறந்தோர் அளவுக்கு மிஞ்சி முன்னே அழைக்கப்பட்டனர். புள்ளிவிபரவியலார் அதைக் கண்டு காட்டினர். அடுத்த ஆண்டு முறை திருத்தப்பட்டது. 1969இற் குறைந்த இலக்கம் பெற்றோர்க்கு அத்திருத்தம் பயன்படவில்லை.

இக்காலத்திலே குடமும் இல்லை, ஓலையும் இல்லை, கணினியே குலுக்குகின்றது. நியூயோர்க் நகரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் முப்பத்திரண்டு எழுத்துக்கொண்ட ஓர் இலக்கம் வழங்கப்படுகின்றது. 0 முதல் 9 வரையும், ஏ முதல் எஃப் வரையுள்ள ஆங்கில எழுத்துகளும் அதில் வரும். முன்னர் இது பெற்றோர் கண்ணிற் படாமலே இருந்தது. பெற்றோர் வற்புறுத்தியதன்பேரில் காட்டப்படலாயிற்று. காட்டியபோது ஒருவருக்கும் விளங்கவில்லை! கணக்கறிந்த பெற்றோரே மற்றையோர்க்கு விளக்கினர். முதலெழுத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். எழுத்துகள் பதினாறு. 0 என்று தொடங்கினால் வரிசையின் முதற் பதினாறிலொரு பங்கினுள் நிற்கின்றது பிள்ளை. 7 என்றால் முன்பாதியின் இறுதியில். எஃப் என்றால் கடைசியில். பிள்ளை விண்ணப்பிக்கும் பாடசாலைகளிற் குலுக்கலால் தெரிவு செய்வன எல்லாவற்றுக்கும் இந்த ஓரிலக்கமே. பாடசாலைதோறும் வேறுவேறு இலக்கம் கொடுப்பதினும், இதனால் முதல் விருப்பத்தைப் பெறுவோர் தொகை கூடுமென ஆய்வாளர் கணித்தனர். கூடலாம். ஆனால் எஃப் விழுந்த பிள்ளைக்கு எங்கு சென்றாலும் எஃப் என்பதை, அவர்களைப்போல் அத்துணை இலகுவில் என்னால் விழுங்க முடியவில்லை.

இலக்கம் கிடைத்தபின் இடத்தைப் பங்கிடும் முறையிலும் சூட்சுமம் உண்டு. பொஸ்ரனில் 2005 வரை, முதல் விருப்பமாக எழுதியவர்க்கே முதலில் இடங்களைக் கொடுத்து முடித்துவிடுவர். ஒரு பிள்ளை பேர்பெற்ற பாடசாலையை முதலிலும், நடுத்தரமானதை இரண்டாவதிலும் எழுதுகின்றது என்க. முதலாவது கிடைக்கவில்லை. இரண்டாவதற்குப் போனால், அது அதனையே முதலாவதாக எழுதியோரால் நிரம்பிவிட்டது. ஆகவே, விஷயமறிந்த பெற்றோர் மனவிருப்பத்தை மறைத்து, கிடைக்கக்கூடியதை முதலில் எழுதினர். அறியாதோர் உண்மையை எழுதி ஏமாந்தனர். உண்மை சொன்னவன் தண்டிக்கப்படும் விதி நியாயமான விதியாகாது. இதற்கு மாற்றான வழியைக் கேல், ஷாப்லி என்ற கணித அறிஞர் இருவர் 1962இலேயே காட்டியிருந்தனர். எந்த இடமும் உடனே உறுதியாகாது; தற்காலிகமாகவே வைக்கப்படும். பின்னர் மேலான உரிமையோ இலக்கமோ உள்ள பிள்ளை வந்தால், அப்பிள்ளைக்கு அது எத்தனையாவது விருப்பமாயினும், முன்னிருந்தவர் விலகித் தமது அடுத்த விருப்பத்துக்குச் செல்வர். எல்லோரும் ஓய்ந்தபின்னரே இடம் உறுதியாகும். இங்கே உண்மையை எழுதுவதால் நட்டமில்லை. இம்முறையைப் பாடசாலைகளுக்குப் பொருத்தியவருள் ஒருவரான அல்வின் றொத் என்பார், ஷாப்லியுடன் 2012இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். நியூயோர்க்கில், தாம் எழுதாத பாடசாலைக்கே அனுப்பப்பட்டோர் முன்பு ஆண்டுக்கு முப்பதாயிரத்துக்கு மேல். புதுமுறை வந்த முதலாண்டிலே ஏறக்குறைய மூவாயிரம்.

கணினிக்குள் நடந்ததை அந்தத் தாய் எப்படிக் காண்பார்? வழியுண்டு. கொலராடோ மாநிலத்திலே, தேர்தல் வாக்குகளைச் சரிபார்க்க எந்த வாக்குச்சீட்டை எடுப்பது என்பதைக் கணினியே தெரிகின்றது. ஆனால் கணினிக்குக் கொடுக்கும் தொடக்க இலக்கத்தை, பொதுமக்கள் முன்னிலையிற் பத்துமுகப் பகடைகளை உருட்டிப் பெறுகின்றனர். பாடசாலையும் அவ்வாறு செய்யலாம். விண்ணப்பதாரர் பட்டியலையும் கணினி பின்பற்றும் விதியையும் முன்கூட்டி வெளியிட்டுவிட்டு, அதன்பின் பகடை உருட்டினால், எவரும் தம் வீட்டிலிருந்தே அக்கணக்கைத் திரும்பச் செய்து பார்க்கலாம். பட்டியலிலே பெயருக்குப் பதில் விண்ணப்ப இலக்கம் இருந்தாற் போதும். பிள்ளையின் விபரம் சந்திக்கு வரவேண்டியதில்லை.

இத்தனையும் குடத்துக்குள் பெயர் வந்தபின் நடப்பவை. உத்தரமேரூர்க் குடத்திலும் நிலமும் சொந்த வீடும் வேதப் பயிற்சியும் உடையார் பெயரே விழுந்தது. பெண்ணின் பெயரோ உழுதவன் பெயரோ விழவில்லை. காந்தப் பாடசாலைக்கு விண்ணப்பம் உண்டென்பதையே கேள்விப்படாத தாய் எத்தனை பேர்? இறுதித் திகதிக்குப் பின் ஊர்மாறி வந்தவர் எத்தனை பேர்? குலுக்கல் முடிந்தபின் வருவதும் கவனிக்கத்தக்கது. இடம் பெற்ற சிலர் வராதுவிடுவர். காத்திருப்போர் பட்டியலிலிருந்து அவ்விடங்கள் நிரம்பும். அது நடப்பது கூட்டமில்லாத ஒரு நாளில், பெரும்பாலும் தொலைபேசியிலே. ஒழுங்கீனம் நுழையுமானால் பெரும்பாலும் இவ்வழியாகவே நுழையும். எத்தனையாம் இலக்கம் வரை அழைக்கப்பட்டது, எவ்விடம் எப்போது வெறுமையாயிற்று என்பவற்றை வாரந்தோறும் எழுதிப் பாடசாலை வாயிலில் ஒட்டுவதற்கு, ஒரு தாளும் சிறிது பசையுமே வேண்டும்.