கருப்பை இறங்கினால் நடையை நிறுத்தலாமா?

சர்க்கரை, மூட்டு வலி என்றால் வாய்விட்டுச் சொல்கிறோம். "கீழே ஏதோ இறங்கி வருவது போல் இருக்கிறது" என்று சொல்ல மட்டும் நம் தாய்மார்களுக்கு நா எழுவதில்லை. பெற்ற மகளிடம்கூடச் சொல்லாமல் பல ஆண்டுகள் மறைப்பவர்கள் உண்டு. காலை நடை, கோயில், கல்யாண வீடு என ஒவ்வொன்றாக விட்டுவிட்டு வீட்டோடு முடங்கிவிடுகிறார்கள். தேவையே இல்லாத தண்டனை இது.

முதலில், இது என்ன? இடுப்பெலும்புக் கூட்டின் அடியில் ஒரு தூளியைப் போலத் தசைகள் அமைந்திருக்கின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குவது அந்தத் தூளிதான். பிரசவம், முதுமை, மாதவிடாய் நின்றபின் ஏற்படும் மாற்றம், உடல் பருமன், தீராத இருமல், மலச்சிக்கல் போன்றவற்றால் அது தளர்கிறது. மேலே உள்ள உறுப்பு சரிகிறது. காலையில் ஒன்றும் தெரியாது, மாலையில் கனக்கும். இது புற்றுநோய் அல்ல. ஒழுக்கத்திற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

தளர்ந்த தசைக்குப் பயிற்சி தர முடியுமா? முடியும். அமெரிக்க மருத்துவர் ஆர்னல்ட் கீகல் 1948இல் எழுதிய பயிற்சிதான் இன்றும் முதல் மருந்து. சிறுநீரையும் காற்றையும் அடக்குவது போல் உள்ளே இறுக்கி மேலே இழுங்கள். மூச்சை அடக்காதீர்கள், தொடையையும் பிட்டத்தையும் இறுக்காதீர்கள். சில வினாடிகளில் தொடங்கி, மெல்ல மெல்ல 10 வினாடிகள் வரை கூட்டுங்கள். ஒரு வேளைக்கு 8 முதல் 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. பலன் தெரிய மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். சரிந்தது முழுவதும் மேலேறிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கனமும் சிறுநீர்க் கசிவும் பலருக்குக் குறைகின்றன. சரியாகச் செய்கிறோமா என்று உடலியக்கச் சிகிச்சையாளரிடம் ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது.

இருமல், தும்மல் வருமுன் அதே தசையை இறுக்குங்கள். அரிசி மூட்டையைத் தனியாகத் தூக்காதீர்கள். சந்தைப் பையை இரண்டாகப் பிரித்து, மூச்சை வெளியே விட்டபடி தூக்குங்கள். கழிவறையில் முக்க வேண்டாம். காலுக்கடியில் சிறு முக்காலி வைத்து முன்னால் சாயுங்கள். நடை, நீச்சல், மிதிவண்டி பெரும்பாலோருக்கு ஏற்றவை. குதிப்பதும் ஓடுவதும் கனத்தைக் கூட்டினால் சில காலம் தள்ளி வையுங்கள்.

பயிற்சி மட்டும் போதாதவர்களுக்கு, உறுப்பைத் தாங்கிப் பிடிக்கும் சிலிக்கன் வளையம் உண்டு. மருத்துவர் பொருத்துவார், குறித்த காலத்தில் சோதித்து மாற்றுவார். அதை அணிந்தபடியே நடக்கலாம், வேலை செய்யலாம். அறுவை சிகிச்சையும் உண்டு. அவசரப்படாமல் நன்மை தீமையைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, மாதவிடாய் நின்றபின் இரத்தம் பட்டாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

இதைப் படிக்கும் மகள்மார்களுக்கும் மருமகள்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். அம்மா திடீரென்று நடைக்குப் போவதை நிறுத்திவிட்டால், "சோம்பேறித்தனம்" என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா செய்கிறது?" என்று கேளுங்கள். பல ஆண்டு மௌனம் அந்த ஒரு கேள்வியில் உடையலாம்.