மூட்டுக்குள் ஊசி: போடும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

நம் பள்ளிவாசல்களில் நாற்காலியில் அமர்ந்து தொழும் பெரியவர்கள் இப்போது அதிகம். காரணம் பெரும்பாலும் முழங்கால் மூட்டுத் தேய்மானம். ஸஜ்தா செய்ய முடியவில்லையே என்ற ஏக்கத்தில், ‘ஒரே ஊசியில் சரியாகிவிடும்’ என்ற பேச்சை நம்பிப் பணத்தைக் கட்டிவிடும் குடும்பங்கள் உண்டு. எந்த ஊசி என்ன செய்யும் என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஸ்டீராய்டு ஊசி

மூட்டு வீங்கி வலி கடுமையாக இருக்கும்போது இது விரைவாக வலியைக் குறைக்கும். பலன் சில வாரங்கள், அதிகம் போனால் மூன்று மாதம் வரை நிற்கலாம். தேய்ந்ததை இது வளர்க்காது. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டாண்டுகள் இந்த ஊசி போட்டவர்களுக்கு, உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்தது. வலியிலோ வித்தியாசம் இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை அளவு ஏறும் என்பதால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஜெல் ஊசி

இது ஹயலுரானிக் அமிலம். பலன் சிறிதே என்பதால் பிரிட்டனின் 2022 மருத்துவ வழிகாட்டுதல் இதை வழங்க வேண்டாம் என்கிறது. சில வகைகள் சேவலின் கொண்டையிலிருந்தும், சில நுண்ணுயிர் நொதித்தல் மூலமும் தயாராகின்றன. மார்க்க ரீதியாகத் தெளிவு வேண்டுவோர் எதிலிருந்து தயாரானது என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

பி.ஆர்.பி., ஸ்டெம் செல்

பி.ஆர்.பி. என்பது நம் இரத்தத்தையே சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து மூட்டில் செலுத்துவது. 2021இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 288 பேரில் சிலருக்கு இதையும் மற்றவர்களுக்கு உப்புநீரையும் செலுத்தினார்கள். ஓராண்டு கழித்து வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஸ்டெம் செல் ஊசி மூட்டுத் தேய்மானத்துக்கு இன்னும் நிரூபிக்கப்படாத சிகிச்சை. பெருந்தொகை கேட்டால் அவசரப்படாதீர்கள்.

நோன்பு முறியுமா?

1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, சத்தூட்டும் திரவங்கள் தவிர, தோல், தசை, இரத்த நாளத்தில் போடும் சிகிச்சை ஊசிகள் நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. சந்தேகம் இருந்தால் உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது

தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி, உடல் எடை குறைப்பு, தேவைப்பட்டால் கைத்தடி. ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது. பெண்ணாடம் பகுதியினர் சிதம்பரத்திலுள்ள கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரின் ஆலோசனை பெறலாம். ஊசி போட்டபின் காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்கினால் அன்றே மருத்துவமனை செல்லுங்கள். கிருமித் தொற்றாக இருக்கலாம்.

நிற்க முடியாதவர் அமர்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழ மார்க்கம் இலகுவாக்கித் தந்துள்ளது. நாற்காலியில் தொழுவதால் கூலி குறைந்துவிடுமோ என்ற கவலையில் கடன் வாங்கி ஊசி போட வேண்டியதில்லை. அல்லாஹ் நம் பெற்றோருக்குப் பூரண ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.