ஓடுதளத்துக்குப் போகும் காருக்கு எந்த பிரேக் பேட்?

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கார் என்பது அன்றாடப் பிழைப்பு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை, ஒரகடத்தில் ரெனோ–நிசான் கூட்டாக எழுப்பிய ஆலை, அப்பல்லோ டயர் ஆலை, வாகனங்களைச் சோதித்துப் பார்க்கும் ஜி.ஏ.ஆர்.சி. ஆய்வு மையம் என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். இவற்றுக்கு நடுவே, அதே இருங்காட்டுக்கோட்டையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தய ஓடுதளம் 1990 முதல் இருக்கிறது. அதற்கு முன் சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் நடந்துவந்த பந்தயங்களுக்கு நிரந்தர வீடாக அமைந்த இடம் இது. சுற்றின் நீளம் 3.717 கி.மீ.; திருப்பங்கள் 12. பந்தயக்காரர்கள் மட்டும் அல்ல, சொந்தக் காரின் முழு வேகத்தைப் பாதுகாப்பான இடத்தில் பார்க்க விரும்பும் சாதாரண உரிமையாளர்களும் இப்படிப்பட்ட தளங்களுக்கு வருகிறார்கள். அப்படி வரத் தயாராகிறவர் முதலில் மாற்ற நினைப்பது பெரும்பாலும் பிரேக் பேட்தான். ஆனால் முன்சக்கரத்துக்கு விலையுயர்ந்த பேட் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு, பின்சக்கரத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இது சரியான வழி அல்ல. முன்பேடையும் பின்பேடையும் ஒரே முடிவாக எடுக்க வேண்டும். அந்த முடிவுக்குள் முன்பேடை வெப்பத்தைப் பார்த்தும், பின்பேடை சமநிலையைப் பார்த்தும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் வெப்பக் கணக்கு. 1,100 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் வந்து, திருப்பத்துக்கு முன் 70 கி.மீ.க்குக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். இதில் அது இழக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 8.8 லட்சம் ஜூல். 30 டிகிரியில் இருக்கும் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வளவு ஆற்றல் போதும். நல்ல டயர் இருந்தால் இந்த வேகக் குறைப்பு மூன்று விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. அதாவது, எஞ்சின் 120 குதிரைத்திறன் கொண்டது என்றால், அந்த மூன்று விநாடியில் பிரேக் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேலான திறனில் வேலை செய்கிறது. காற்றின் தடையும் எஞ்சினும் சிறிது பங்கெடுத்தாலும், மிச்சம் எல்லாம் டிஸ்க்கிலும் பேடிலும் வெப்பமாக இறங்குகிறது. நகரச் சாலையில் இப்படி ஒருமுறை பிரேக் போட்டால் அது ஆறுவதற்கு நேரம் உண்டு. ஓடுதளத்திலோ அடுத்த திருப்பம் சில விநாடிகளில் வந்துவிடும். சென்னை வெயில்தான் பிரேக்கைச் சுடவைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். டிஸ்க் 500 டிகிரியை எட்டும் இடத்தில், வெளிக்காற்று 25 டிகிரியா 38 டிகிரியா என்பது பெரிய வித்தியாசம் அல்ல. திரும்பத் திரும்ப இறங்கும் இந்த ஆற்றல்தான் காரணம்.

சாலைக்கான பேட் இதற்காகச் செய்யப்பட்டது அல்ல. இழைகள், உலோகத் தூள், கிராஃபைட், பேரைட் போன்ற பொருள்களை ஃபீனாலிக் ரெசின் என்ற பிசின் சேர்த்துப் பிடித்திருக்கிறது. சூடு 300 டிகிரியைத் தாண்டி ஏற ஏற இந்தப் பிசின் சிதைந்து வாயுவை விடத் தொடங்குகிறது. பேடின் பிடிப்பு குறைகிறது; மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்து இறுகுகிறது. மெக்கானிக்குகள் ‘பேட் கிளேஸ் ஆகிவிட்டது’ என்று சொல்வது இதைத்தான். ஓட்டுபவருக்கு இது தெரியும் விதம் தனி: பெடல் கல்லுப்போல் கெட்டியாக இருக்கும், ஆனால் கார் நிற்காது. பெடல் மெத்தென்று உள்ளே போனால் கோளாறு பேடில் இல்லை, பிரேக் ஆயிலில் இருக்கிறது. டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை, தரவிதிப்படி, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு 155 டிகிரி. காற்றில் எப்போதும் ஈரம் மிதக்கும் கடலோர ஊரில் பழைய ஆயிலை வைத்துக்கொண்டு புதுப் பேடுக்குச் செலவழிப்பது வீண். ஆயிலை மாற்றி, குழாயில் ஏர் எடுத்த பிறகே பேடைப் பற்றிப் பேச வேண்டும்.

பேட் வாங்கும்போது அதன் ஓரத்திலோ முதுகுத் தகட்டிலோ உள்ள அச்சைப் பாருங்கள். பெரும்பாலும் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. அமைப்பு வகுத்த குறியீடு அது. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள உராய்வுக் குணகத்தையும், இரண்டாவது எழுத்து சூடேறிய நிலையில் உள்ளதையும் காட்டும். ‘இ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55 வரை. பயனுள்ள குறிப்புதான். ஆனால் இந்தச் சோதனையின் சூடான பகுதி ஏறக்குறைய 340 டிகிரியோடு நின்றுவிடுகிறது. ஓடுதளத்தில் பேடின் உண்மையான பரீட்சை அதற்கு மேல்தான் ஆரம்பம். ஆகவே எழுத்தை மட்டும் பார்த்து வாங்கியவர் பாதிச் செய்தியைத்தான் படித்திருக்கிறார். தயாரிப்பாளர் வெளியிடும், வெப்பத்துக்கு ஏற்ப உராய்வு எப்படி மாறுகிறது என்று காட்டும் வரைபடம்தான் மீதிச் செய்தி.

இனி முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள உறவு. பிரேக் போட்டதும் எடை முன்னால் சாய்கிறது. எவ்வளவு என்பதைக் கணக்கிடலாம். நின்ற நிலையில் முன்சக்கரங்களில் 60 பங்கும் பின்சக்கரங்களில் 40 பங்கும் எடை உள்ள ஒரு ஹேட்ச்பேக். ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்தில். இரண்டு அச்சுகளுக்கும் இடையே இரண்டரை மீட்டர். உலர்ந்த தளத்தில், டயரின் பிடிப்பு முழுவதையும் பயன்படுத்தி பிரேக் போட்டால் இன்னும் 20 பங்கு முன்னால் போய்விடும். முன்னால் 80, பின்னால் 20. எனவே முன்டிஸ்க்குகள் கொதிக்கும்போது பின்டிஸ்க்குகள் அவற்றின் பாதிச் சூட்டில் இருப்பது இத்தகைய கார்களில் இயல்பு. இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும் கடுமையான பந்தயப் பேடைப் பின்னால் மாட்டினால், அது தன் வேலைச் சூட்டை எட்டாமலே நாளைக் கழித்துவிடலாம்.

முன்பேடை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? தொழிற்சாலையிலிருந்து வரும்போது பிரேக் விசை முன்னால் 76, பின்னால் 24 என்று பிரிகிறது என்று கொள்வோம். குணகம் 0.38 உள்ள முன்பேடுக்குப் பதிலாக 0.50 உள்ளதை மாட்டினால், அதே பெடல் அழுத்தத்தில் பின்னுக்கான பங்கு 19 ஆகச் சுருங்குகிறது. பிடிப்பு மிகுந்த டயரும் உலர்ந்த தளமும் இருந்தால் இது பொருந்தலாம். சாதாரண டயரிலோ, வடகிழக்குப் பருவமழையில் நனைந்த தளத்திலோ முன்சக்கரம் அவசரப்பட்டு லாக் ஆகும், பின்சக்கரம் சும்மா உருளும்; நிற்கும் தூரம் நீளும். இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. பின்னால் 0.45 உள்ள புதுப் பேட். முன்னால் சாலைப் பேட், அது சூட்டில் 0.28 வரை இறங்கிவிட்டது. அப்போது பின்னுக்கான பங்கு 34 ஆகிறது. அங்கே இருக்கும் எடையோ 20 முதல் 24 வரைதான். பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முந்தி லாக் ஆனால் கார் வாலடித்துச் சுழன்றுவிடும். சாலைக் கார்களில் அப்படி நடக்கக் கூடாது என்பதை வடிவமைப்பின் அடிப்படை விதியாகவே வைத்திருக்கிறார்கள். அந்த விதியை நம் கையாலேயே உடைக்கக் கூடாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கார் நிறுவனமே டிஸ்க்கின் அளவிலும் கேலிப்பர் பிஸ்டனின் அளவிலும் சமநிலையை அமைத்துத் தந்திருக்கிறது. ஆகவே நான்கு சக்கரத்துக்கும் ஒரே வகைப் பேடைப் போட்டால் அந்தச் சமநிலை அப்படியே இருக்கும் என்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது. இரண்டு முனைகளும் அந்தப் பேடின் வேலைச் சூட்டுக்குள் இருக்கும்வரை இந்த வாதம் நிற்கும். ஓடுதளத்தில் சூடுகள் பிரிந்துபோகின்றன. வாதமும் அங்கே விழுகிறது. எனவே முன்பக்கம் எஞ்சின் உள்ள காருக்கு, ஒரே தயாரிப்பாளரின் வரிசையில், முன்னால் தேர்ந்ததைவிட ஒரு படி குறைந்த சூட்டில் பிடிக்கும் பேடைப் பின்னால் போடுவது நல்ல தொடக்கம். போர்ஷே 911 போல எஞ்சினும் எடையும் பின்னால் உள்ள காரில் பின்பிரேக்கும் கடுமையாக உழைக்கிறது. அங்கே இருபுறமும் ஒரே பேட் பொருந்த வாய்ப்பு அதிகம். நம் ஊரில் ஓடுதளத்துக்கு வரும் பல ஹேட்ச்பேக்குகளுக்கோ பின்பேடே கிடையாது. இந்தியாவில் விற்ற போலோக்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் டிரம் பிரேக்தான். இருங்காட்டுக்கோட்டையிலேயே தயாரான ஐ20 என் லைனுக்கு நான்கும் டிஸ்க். டிரம் உள்ளவர் முன்பேடை மிதமாகத் தேர்வது நல்லது. ஏனென்றால் சமநிலையைச் சரிக்கட்டப் பின்னால் அவருக்கு வழி குறைவு.

‘ஏபிஎஸ் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா’ என்பது அடுத்த மறுப்பு. ஏபிஎஸ் சக்கரம் லாக் ஆகாமல் காக்கும். அதோடு சேர்ந்த இபிடி பின்சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும். உயிர் காக்கும் கருவிகள்தான், சந்தேகம் இல்லை. ஆனால் அவை அழுத்தத்தைக் குறைக்கத்தான் வல்லவை. தளர்ந்துபோன பேடுக்குப் பிடிப்பைத் திருப்பிக் கொடுக்க அவற்றால் முடியாது. சமநிலை கெட்ட காரில் ஏபிஎஸ் ஒவ்வொரு திருப்பத்திலும் முந்திக்கொண்டு தலையிடும். ஓட்டுபவர் எந்த இடத்தில் பிரேக் போடுவது என்ற கணக்கை இழப்பார்.

மூன்றாவது கேள்வி செலவைப் பற்றியது: பந்தயப் பேடையே எப்போதும் வைத்துக்கொள்ளலாமே? கூடாது. அது குளிர்ந்திருக்கும்போது பிடிப்பு குறைவு. கூச்சலிடும், டிஸ்க்கையும் வேகமாகத் தேய்க்கும். ஓடுதளத்திலிருந்து சென்னை திரும்பும் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளும் ஆலைப் பேருந்துகளும் நெருக்கியடிக்கின்றன. முன்னால் போகும் லாரி திடீரென்று நிற்கும் இடத்தில் முதல் மிதியிலேயே பிரேக் பிடிக்க வேண்டும். தளத்துக்கு ஒரு செட், சாலைக்கு ஒரு செட் என்று வைத்துக்கொண்டு அங்கேயே மாற்றிக்கொள்வதுதான் முறை.

தேர்வு சரியா என்பதை ஊகத்துக்கு விட வேண்டாம். டிஸ்க்கின் ஓரத்தில் பூசும் வெப்ப வண்ணங்கள் கிடைக்கின்றன. குறிப்பிட்ட சூட்டைத் தொட்டதும் ஒவ்வொன்றும் நிறம் மாறிவிடும். முன்னும் பின்னும் பூசி ஓட்டிப் பாருங்கள். புதுப் பேடை முதல் சுற்றிலேயே முழு வேகத்தில் சோதிக்காதீர்கள். படிப்படியாகச் சூடேற்றி டிஸ்க்கில் சீரான படலம் படியவிட்டு, பிறகு ஆறவிடுங்கள். நிறத்தையும் தேய்மானத்தையும் பார்த்து, முன்பேட் உங்கள் காரின் உச்சச் சூட்டைத் தாங்குகிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். அதன் பிறகு அதற்குப் பொருந்தும் பின்பேடைத் தேடுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பணம் ஒரு ஜோடிக்குத்தான் இருக்கிறது என்றால், அந்த மாதம் ஓடுதளத்துக்குப் போவதைத் தள்ளிவையுங்கள்.