மௌனமாக்குதல்: பப்பாளி, வைரஸ், உரிமம்

'மௌனமாக்குதல்' என்றால் நமக்கு அதிகாரம்தான் நினைவுக்கு வரும். உயிரியல்காரர்கள் இதே சொல்லை மரபணுவுக்கு வைத்திருக்கிறார்கள். இங்கே வாயடைக்கப்படுவது வைரஸ், அடைப்பது செல். அதனாலேயே இதை எதிர்ப்பு என்று கொண்டாடிவிட முடியுமா என்பது என் கேள்வி.

முதல்ல விஷயம் என்னன்னு பார்த்துடலாம். வைரஸ் தானாகப் பெருகாது. செல்லுக்குள் புகுந்து, அதன் கருவிகளைக் கொண்டே தன்னைப் படியெடுக்கும். ஆர்.என்.ஏ. வைரஸ்கள் படியெடுக்கையில் இரட்டை இழை ஆர்.என்.ஏ. உருவாகிறது. தாவரச் செல்லுக்கு அது அந்நியப் பிரதி. டைசர் என்ற நொதி அதை 21 முதல் 24 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்குகிறது. ஆர்கோனாட் என்ற புரதம் ஒரு துண்டை வைத்துக்கொண்டு, அதோடு பொருந்தும் ஆர்.என்.ஏ.வைத் தேடி வெட்டுகிறது. போலீஸ்காரர் கையில் இருக்கும் போட்டோ மாதிரின்னு வச்சுக்கலாம். இரட்டை இழைதான் மௌனமாக்கலைத் தூண்டுகிறது என்பதை ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998இல் ஒரு புழுவில் காட்டினார்கள். 2006இல் நோபல் பரிசு. வைரசும் சும்மா இருப்பதில்லை. இந்த வேலையையே முடக்கும் புரதங்களைப் பல தாவர வைரஸ்கள் வைத்திருக்கின்றன.

இனி ஹவாய். அங்கே பப்பாளி விளைச்சலின் பெரும்பகுதி பூனா வட்டாரத்தில்தான். 1992இல் வளையப்புள்ளி வைரஸ் அங்கே நுழைந்தது, தோட்டங்கள் அழிந்தன. டென்னிஸ் கொன்சால்வஸ் குழுவினர் வைரசின் உறைப்புரத மரபணுவையே பப்பாளிக்குள் வைத்திருந்தார்கள். காப்பாற்றியது அந்தப் புரதமல்ல, ஆர்.என்.ஏ. வழி மௌனமாக்கல்தான் என்பது பிறகே தெளிவானது. 1998இல் 'ரெயின்போ' விதை விவசாயிகளுக்கு இலவசமாகவே கொடுக்கப்பட்டது. பப்பாளி பிழைத்தது. இதை மறுப்பது நேர்மையில்லை.

ஆனால் இந்த மௌனத்துக்கு இரண்டு எல்லைகள். ஒன்று, எழுத்தின் எல்லை. பொருத்தம் இருந்தால்தான் வெட்டு விழும். ஹவாய்க்கு வெளியே எடுத்த பல வைரஸ் வகைகளிடம் ரெயின்போ தோற்றது. தாய்லாந்திலும் தைவானிலும் அந்தந்த மண்ணின் வைரசிலிருந்தே மரபணுவை எடுக்க வேண்டியிருந்தது. எங்கும் செல்லுபடியாகும் ஒற்றை மருந்து என்ற கதையாடல் இங்கேயே உடைகிறது.

மற்றது, உரிமத்தின் எல்லை. நுட்பங்களின் காப்புரிமை பலரிடம் இருந்தது. விலைக்கு விளைவிப்பது ஹவாய்க்குள் மட்டும் என்றே உரிமம் போடப்பட்டது. முதல் எல்லை இயற்கை போட்டது. இரண்டாவது மனிதர்கள் போட்டது.

'மரபணு மாற்றம் வேணுமா, வேண்டாமா' என்று மட்டும் சண்டை போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். அந்தந்த ஊர் வைரசைப் படிக்கும் ஆய்வகம் பொதுச்சொத்தாக அந்த ஊரிலேயே இருக்க வேண்டும் என்று கேட்பதுதான் நம் அரசியலாக முடியும் என்று நினைக்கிறேன்.