பேச்சும் மூச்சும்

எழுத்துகள் பிறக்கும் வகையைக் கூறப் புகுந்த தொல்காப்பியர் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகளை எண்ணிச் சொல்கிறார். இவற்றுள் அண்ணம் பிளவுபட்டுப் பிறக்கும் குழந்தையின் பேச்சு என்னாகும்? மருத்துவம் அதற்கு என்ன செய்கிறது? அதனால் நேரக்கூடிய இடர் யாது? இவற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

அண்ணத்தின் முற்பகுதி எலும்பாலானது, பிற்பகுதி தசையாலானது. பிற்பகுதியை மெல்லண்ணம் என்பர். வல்லின ஒலிகளைக் கூறும்போது இது மேலெழுந்து தொண்டையின் பின்சுவரைத் தொட்டு, மூக்கிற்குச் செல்லும் வழியைக் கதவுபோல் அடைக்கிறது. மெல்லின ஒலிகளுக்கு அக்கதவு திறந்திருக்கும். ‘அப்பா’ என்றாலும் ‘அம்மா’ என்றாலும் இதழ்கள் ஒன்றுபோலவே மூடுகின்றன. கதவின் நிலையே பெரிதும் வேறு.

பிளவுபட்ட அண்ணத்தைக் குழந்தைக்கு ஏறத்தாழ ஒரு வயதாகும்போது அறுவை செய்து மூடுகின்றனர். ஆயினும் அவர்களுள் 20 முதல் 30 விழுக்காட்டினருக்கு மெல்லண்ணம் நீளம் குறைந்தோ, அசைவு குறைந்தோ இருக்கும். காற்று மூக்கின் வழியே கசியும்; வல்லினம் வலிமை இழக்கும். வகுப்பில் பிள்ளை சொல்வது பிறருக்கு விளங்காது. இக்குறையைப் பேச்சுப் பயிற்சியால் மட்டும் நீக்க இயலாது.

ஆகவே இரண்டாவது அறுவை தேவைப்படுகிறது. தொண்டையின் பின்சுவரிலிருந்து ஒரு சதைப்பட்டையை உயர்த்தி மெல்லண்ணத்தோடு தைத்துவிடுவர். ஜெர்மனியில் ஷோன்பார்ன் என்பவர் 1870களிலேயே இம்முறையைக் கையாண்டார். நடுவில் பாலம்போல் அமையும் இப்பட்டையின் இருபுறமும் சிறு இடைவெளிகள் விடப்படும். மூச்சுக்காற்று அவற்றின் வழியே மூக்கிற்கும் தொண்டைக்கும் இடையே சென்று வரும். பேசும்போது தொண்டையின் பக்கச்சுவர்கள் உள்நோக்கி வந்து அவற்றை அடைக்கும். பேச்சு தெளிவு பெறும்.

இடர் எழுவதும் இவ்விடத்தில்தான். பேச்சுக்கு வழி குறுகவேண்டும். மூச்சுக்கு வழி அகன்றிருக்கவேண்டும். உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. அறுவைக்குப் பிந்திய நாட்களில் வீக்கமும் சேர்வதால் இடைவெளி மேலும் சுருங்கி, மூச்சு சில நொடிகள் நின்று நின்று வரலாம். இதனையே ‘ஸ்லீப் ஆப்னியா’, அதாவது உறக்க மூச்சுத்தடை என்கின்றனர். முதற்சில நாட்களே பேராபத்துக்குரியவை. பலருக்கு வீக்கம் வடிந்ததும் இது குறைந்துவிடும். சிலருக்கு நீடிப்பதும் உண்டு. டான்சில் பெருத்தவர்களுக்கும், 1923இல் பியர் ரோபின் விவரித்தபடி கீழ்த்தாடை சிறுத்துப் பிறந்தவர்களுக்கும் இடர் மிகுதி.

எனவே அறுவைக்கு முன்னரே, ‘குழந்தை குறட்டை விடுகிறதா?’ என்று மருத்துவர் வினவுவார். ஐயம் இருப்பின் உறக்க ஆய்வு செய்யப்படும். பெருத்த டான்சிலைச் சில வாரங்களுக்கு முன்னதாகவே அகற்றுவதும் உண்டு. அறுவைக்குப்பின் இரவில் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் கருவி கொண்டு கண்காணிப்பர். மூச்சை மந்தப்படுத்தும் வலிநீக்கி மருந்துகளை மிகக் கவனமாகவே கொடுப்பர்.

வீடு திரும்பியபின் காவல் பெற்றோருடையது. உரத்த குறட்டை, இடையே மூச்சு நின்று திடுக்கிட்டு மீளுதல், அமைதியற்ற உறக்கம், மிகு வியர்வை, புதிதாகப் படுக்கையில் சிறுநீர் கழித்தல், பகலில் சோர்வு, பாடத்தில் கவனமின்மை ஆகியவை அறிகுறிகள். மூச்சு நிற்பதைக் கண்டால் சற்றும் காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தடை நீடித்தால் முகமூடி வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தும் கருவி உதவும். 1981இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் குழுவினர் வெளியிட்ட முறை இது. அதுவும் போதாதெனில், தைத்த பட்டையைத் துண்டித்து வழியைத் திறக்கலாம். அதன் பின்னும் பேச்சின் தெளிவு பலருக்குக் கெடாமல் நிற்பது ஆறுதலான செய்தியாகும்.

இவ்விடரை எண்ணி அறுவையையே மறுத்தல் தகாது. பகலில் பிள்ளையின் சொல்லைக் கேட்டு மகிழும் பெற்றோர், இரவில் அதன் மூச்சையும் செவிகொடுத்துக் கேட்பாராயின் பேச்சும் மூச்சும் ஒருங்கே காக்கப்படும்.