பத்து ரூபாய் மனு

தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது 1931-ல். அக்காலத்தில் இப்பக்கமெல்லாம் ஏரியும் வயலுமாக இருந்தது. பிறகு வீடுகள் பெருகி, 2021-ல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகி மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. ஏரிகள் என்னவாயின என்று கேட்பவர்கள் அநேகர். யாரைக் கேட்பது என்று அறிந்தவர்கள் சிலரே.

சிட்லபாக்கம் ஏரியை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் ஆக்கிரமிப்பு, மற்றொரு பக்கம் கழிவுநீர். 2019-ல் ஊர்வாசிகளே மண்வெட்டி பிடித்து ஏரியைத் தூர்வார இறங்கினார்கள். அதே ஆண்டில் சர்க்காரும் அதைச் சீர்படுத்த 25 கோடி ரூபாய் என்று அறிவித்தது. அத்தொகையில் கரைக்கு எவ்வளவு, கழிவுநீரைத் தடுப்பதற்கு எவ்வளவு?

முன்னாளில் இப்படிக் கேட்டால், குமாஸ்தா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து, "உமக்கு எதற்கு ஐயா அது?" என்பார். அந்தப் பார்வைக்குப் பின்பலமாக நின்றது 1923-ஆம் வருஷத்து அரசாங்க இரகசியச் சட்டம். துரைமார்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். சட்டம் மட்டும் இன்னும் நம்மோடு குடித்தனம் செய்துகொண்டிருக்கிறது.

தகவல் உரிமைக்கென்று இந்தியாவில் முதன்முதலாகச் சட்டம் இயற்றிய மாகாணம் நம்முடையதுதான், ஆண்டு 1997. மார்தட்டிக்கொள்ளலாம், ஆனால் அதிக நேரம் வேண்டாம். விதிவிலக்குகள் நீண்டுகொண்டே போன அந்தச் சட்டத்தால் பிரஜைகளுக்குக் கிடைத்தது சொற்பமே.

உண்மையான போராட்டம் ராஜஸ்தானத்துக் கிராமங்களில் நடந்தது. சென்னையில் பிறந்து, கலெக்டர் வர்க்கத்து உத்தியோகத்தை உதறிய அருணா ராய் என்ற அம்மையாரும் அவருடைய தோழர்களும், கூலிப் பட்டியலை ஊர்க்கூட்டத்தில் உரக்க வாசித்தார்கள். செத்துப் போனவர்களெல்லாம் மண் சுமந்து கூலி வாங்கியதாக அதில் எழுதியிருந்தது! 1996-ல் பியாவர் நகரில் அவர்கள் நாற்பது நாள் தர்ணா இருந்தார்கள். அத்தகைய முயற்சிகளின் பலனாக, நாடு முழுவதற்குமான சட்டம் 2005 அக்டோபர் 12-ல் அமுலுக்கு வந்தது.

இதன்படி பத்து ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு மனு எழுதினால் போதும். தமிழிலேயே எழுதலாம், எழுதத் தெரியாதவருக்கு அதிகாரியே உதவ வேண்டும். எதற்காகக் கேட்கிறீர் என்று அவர் வினவுவதற்கில்லை. குமாஸ்தாவின் அந்தப் பழைய கேள்வியைச் சட்டமே பறித்துவிட்டது! முப்பது நாளில் பதில் வரவேண்டும். உயிர் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரத்தில். காரணமின்றித் தாமதித்தால், தகவல் ஆணையம் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரையில் அதிகாரிக்கே அபராதம் விதிக்கலாம்.

ஏரி விஷயத்தில் மிகவும் பயன்படுவது வேறொன்று. கரை ஓர் இலாகா, கழிவுநீர் மற்றோர் இலாகா, பட்டா மூன்றாவது இலாகா. "இது எங்களுடையதல்ல" என்று மனுவைத் திருப்பித் தள்ள முடியாது. ஐந்து நாளுக்குள் உரிய இலாகாவுக்கு அவர்களே அனுப்பிவைக்க வேண்டும். நடக்கும் வேலையை நேரில் பார்வையிடலாம். போட்ட சிமெண்டில் மாதிரி கேட்டுப் பெறவும் உரிமையுண்டு. நம்மவர்களில் எத்தனை பேர் இதை உபயோகித்திருக்கிறார்கள்?

இதற்கிடையில் கதவு சிறிது சிறிதாகச் சாத்தப்பட்டும் வருகிறது. 2008-ல் நமது மாகாண சர்க்கார் லஞ்ச ஒழிப்பு இலாகாவுக்கே விலக்களித்தது. லஞ்சத்தைப் பற்றி வேறெங்கே போய்க் கேட்பதோ! 2023-ல் டில்லி இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ எட்டாம் பிரிவின் ஒரு விதியைத் திருத்துகிறது. தனிநபர் விவரமானாலும் பொது நன்மையை முன்னிட்டு வெளியிடலாம் என்று முன்பு அவ்விதியிலேயே இருந்த சொற்களைத் திருத்தம் எடுத்துவிடுகிறது. ஆக்கிரமிப்பாளர் பெயரும் ஒப்பந்தக்காரர் பெயரும் தனிநபர் விவரம் என்று ஓர் அதிகாரி சொல்லிவிட்டால்?

அப்போது காட்டுவதற்கு அதே பிரிவில் இன்னோர் உட்பிரிவு பாக்கியிருக்கிறது. இரகசியத்தால் வரும் நன்மையைவிடப் பொது நன்மை பெரிதானால் தகவலைத் தரலாம் என்கிறது அது. மனு எழுதுவோர் அதன் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும்: 8(2).